முன்னறையில் ஓர் ஐ.சி.யூ.

கலைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தவளுக்கு மரணமில்லை.

இந்த வாசகத்தை ரெமிஜியஸ் தன் மனைவியின் கலைவாழ்வுச் சிறப்பு மலருக்காக எழுதிவைத்திருந்தார். மலர் வரவில்லை. வாசகமும் சரியில்லை. அவர் மனைவி ஜோவிதா பதினோரு படங்களில் செத்திருக்கிறாள். பாதிக்கு மேல் இடைவேளைக்கு முன்பே. லாரியில் அடிபட்டு, கிணற்றில் விழுந்து, பிரசவத்தில், மஞ்சள் காமாலையில், ஒரு முறை கதாநாயகனுக்கு வைத்திருந்த பாலைத் தவறுதலாகக் குடித்து. அவள் செத்தால்தான் கதாநாயகனுக்குக் கோபம் வரும். அவனுக்குக் கோபம் வந்தால்தான் படம் நகரும். இரண்டு மொழிகளில் பல கதைகள் இப்படி அவள் முதுகின் மேல் நகர்ந்திருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் பிரேசர் டவுனில் நடந்த ஒரு கிறிஸ்துமஸ் நாடகம். அதில் ஜோவிதா தொடர்ந்து மூன்று வருடம் மாதாவாக நின்றாள். வசனம் கிடையாது. தொட்டிலைப் பார்த்தபடி நிற்க வேண்டும், அவ்வளவுதான். நாடகம் பார்க்க வந்த ஒரு கன்னடப் படக் கம்பெனியின் மேனேஜர், "இந்தப் பொண்ணு அசையாம நல்லா நிக்குதே" என்று அவள் அப்பாவிடம் சொன்னார். ஜோவிதா என்ற பெயர் போஸ்டருக்கு ஆகாது என்று கம்பெனி அவளுக்கு யாமினி என்று பெயர் வைத்தது. பிறகு அதையும் போஸ்டரில் போடவில்லை. ஜோவிதாவுக்கு வருத்தமில்லை. கூப்பிட்டார்கள், சாப்பாடு போட்டார்கள், சாகும்போது தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்தார்கள். நன்றி சொல்ல இது போதாதா என்பாள். அவளுக்கு எதற்கும் நன்றி சொல்லிப் பழக்கம். ஏ.டி.எம். இயந்திரத்துக்கும் சொல்லுவாள்.

அறுபதை நெருங்கும்போதுதான் சாயங்காலம் ஆறரை மணி கன்னட சீரியலில் அன்னபூர்ணம்மா வேடம் வந்தது. பெரிய வீட்டு எஜமானி. மூன்று மருமகள்களை ஆட்டிவைப்பவள், உள்ளுக்குள் வெல்லப்பாகு. ஆறு வருடமாகச் சாகவில்லை. அவர்கள் குடியிருக்கும் ரிச்சர்ட்ஸ் டவுனில் மீன் விற்பவள் "அன்னபூர்ணம்மாக்கு நேத்து மீன் குடுப்பனா?" என்று வஞ்சிரத்தை நடுத்துண்டாகப் போட்டாள். ஆட்டோக்காரர்கள் மருமகள்மீது புகார் சொன்னார்கள். சொந்த மருமகன், மகள் மௌரீனின் கணவன், எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி வேலை பார்ப்பவன், முதல் முறையாக மாமியார் முன்னால் காலை மடக்கி உட்கார்ந்தான்.

அப்போதுதான் முட்டி போனது. வலது முட்டியை மாற்றியே ஆக வேண்டும் என்றார் டாக்டர். இந்தத் தொழிலில் லீவு கேட்டால், அடுத்த வாரம் வேறொரு முகம் அதே புடவையைக் கட்டிக்கொண்டு வரும். "இனி இவருக்குப் பதில் இவர்" என்று கீழே ஒரு வரி ஓடும். டைரக்டர் ஷ்ரேயாஸ் அப்படிச் செய்யவில்லை. முப்பது வயதுப் பையன், பெரிய தாடி, சின்னக் குரல். அன்னபூர்ணம்மாவைப் படியில் உருட்டி கோமாவில் போட்டுவிட்டான்.

"படுத்துக்கிட்டே இருங்கம்மா. மூணு வாரம். நாங்களே உங்க வீட்டுக்கு வந்து ஷூட் பண்ணிக்கறோம்."

இப்படித்தான் ரெமிஜியஸின் முன்னறை தீவிர சிகிச்சைப் பிரிவு ஆயிற்று. மெடிக்கல் ஷாப்பில் வாடகைக்கு எடுத்த கட்டில் ஏற்கெனவே இருந்தது. திரைச்சீலைக் கம்பியில் குளுக்கோஸ் பாட்டில். சுவரிலிருந்த திரு இருதய ஆண்டவர் படத்தின்மேல் பச்சைத் துணி. அதன் அடியில் எரியும் சிவப்பு பல்பை மட்டும் அணைக்கக்கூடாது என்று ஜோவிதா சொல்லிவிட்டதால், எல்லா எபிசோடிலும் ஆஸ்பத்திரிச் சுவர் லேசாகச் சிவந்திருந்தது. இதயத்துடிப்பு காட்டும் இயந்திரம், உண்மையில் பழைய டிவி. பென் டிரைவில் இரண்டு வீடியோ: ஒன்றில் கோடு ஏறி இறங்கும், இன்னொன்றில் நேராகப் போகும். இரண்டாவதை இதுவரை போட்டதில்லை.

மூன்று வாரம் ஐந்தாயிற்று. வியாழன் மாலை தூறலில் நனைந்துகொண்டு ஷ்ரேயாஸ் தனியாக வந்தான். ரெமிஜியஸ் காபி கொண்டுவந்து வைத்தார். அரசுத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற நாள்முதல், கேட்காமலேயே அவர் மனைவிக்கு மேனேஜர்.

"அம்மா, சானல்ல மீட்டிங் ஆச்சு."

"என்னாப்பா சொன்னாங்க?"

"கோமா போதும்ங்கறாங்க. ஆடியன்ஸ் வேற சானலுக்கு ஓடறாங்களாம்."

"எப்பிடி ஓடுவாங்க?" என்றார் ரெமிஜியஸ். "மூச்சு விடறதுலயே அவ தெனம் ஒரு வேரியேஷன் காட்றா. நீ பாத்தியா இல்லியா? திங்கக்கிழம ஒரு மாதிரி, புதங்கிழம வேற மாதிரி."

"பாத்தேன் சார். சானல் பாக்கல." ஷ்ரேயாஸ் டம்ளரைக் கையில் சுற்றினான். "நாளைக்கு ரெண்டு சீன் கொண்டுவர்றேன்மா. ஒன்னுல நீங்க எழுந்து நிக்கறீங்க. நடக்க வேணாம், பேச வேணாம். கட்டில்லருந்து எழுந்து சொந்தக் கால்ல நின்னா போதும். அன்னபூர்ணம்மா பொழச்சிட்டாங்க."

"இன்னொன்னு?"

ஷ்ரேயாஸ் காபியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இன்னொன்னு உங்களுக்குப் பழக்கமானதுதாம்மா."

ஜோவிதா வழக்கம்போல், "ரொம்ப தாங்க்ஸ்ப்பா, மழைல வந்து சொன்னியே" என்றாள். அவன் பைக் தெருமுனை திரும்பும்வரை முகத்தில் சிரிப்பு இருந்தது.

"ஏங்க."

"சொல்லு ஜோவி."

"எனக்கு இந்தத் தடவ சாவ மனசில்லங்க."

ரெமிஜியஸ் இதற்குத் தயாராக எதுவும் எழுதிவைத்திருக்கவில்லை. "பிசியோ பொண்ணு என்னா சொல்லிச்சு? முட்டி ரெடி, நீங்கதான் ரெடியில்லன்னு சொல்லிச்சில்ல? அப்ப எழுந்து நில்லு" என்றார்.

"வாக்கர வுட்டா விழுந்துடுவேனோன்னு இருக்கு. உள்ள வச்சிருக்கறது இரும்பா பிளாஸ்டிக்கான்னுகூட எனக்குத் தெரியாது. அத நம்பி எப்பிடி நிக்கறது?"

"நல்ல இரும்பு ஜோவி. நான் டாக்டர்கிட்ட கேட்டேன். அமெரிக்கா இரும்பு."

"அமெரிக்காக்காரன் வந்து புடிப்பானா?"

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வேன் வந்தது. தூறல் நிற்கவில்லை. விளக்குகளுக்கு நீலத் தார்ப்பாய் போர்த்தி, கேபிளை ஜன்னல் வழியாக இழுத்தார்கள். போர்ட்டிகோவில் தட்டு இட்லியும் காரா பாத்தும் கேசரி பாத்தும் இறங்கின. டச்-அப் செய்யும் சின்னத்தாய், கோலார் தங்கவயலிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வருபவள், ஈரச் செருப்பை உதறிவிட்டு நேரே கட்டிலருகே வந்தாள்.

"இன்னாமா இது, சாவறதுக்கு முன்னயே மூஞ்சி இப்பிடித் தொங்குது? நானு இன்னாத்துக்கு டல் மேக்கப் போடறது? அப்பிடியே எடுக்கச் சொல்லு."

"சும்மா இருடி. எழுந்து நிக்கத்தான் போறேன்."

"நில்லு தாயே. எங்க வூட்டாண்ட எல்லாரும் கேட்டுகினு கீறாங்கோ, அன்னபூர்ணம்மா எப்ப எழுந்து அந்த நடு மருமவள ரெண்டு சாத்து சாத்தும்னு. எங்க மாமியா நேந்துகினு இருக்குது. நீ செத்தேன்னு வையி, நான் ஊருக்குள்ள போவ முடியாது."

எட்டு மணிக்குத் தகவல் வந்தது: டாக்டராக நடிப்பவர் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் மேம்பாலத்தின் மேல் டிராஃபிக்கில் நிற்கிறார், முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. ஷ்ரேயாஸ் முன்னறையைச் சுற்றிப் பார்த்தான். வெள்ளை முடியும் மூக்குக் கண்ணாடியும் உள்ள ஆள் ஒருவர்தான் இருந்தார்.

ரெமிஜியஸ் மூன்று முறை மறுத்தார். மூன்றாவது முறை மறுக்கும்போது ஒரு கை டாக்டர் கோட்டுக்குள் போயிருந்தது. வசனம் கன்னடத்தில் ஒரே வரி. "க்ஷமிஸி, அவரன்ன உளிசிக்கொள்ளோக்காகலில்லா." மன்னிக்கணும், அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அவர் தோட்டத்துக்குப் போய் முருங்கை மரத்திடம் அதைப் பல விதமாகச் சொல்லிப் பார்த்தார். சோகமாக, கம்பீரமாக, சோகமும் கம்பீரமுமாக. அந்த மும்முரத்தில், காலையில் ஒருவருக்குப் போன் செய்து இன்றைக்கு வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்ல வேண்டியதை மறந்தே போனார்.

முதலில் எழுந்து நிற்கும் சீன். ஃபேனை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடங்கக் காத்திருந்தார்கள். ஜோவிதா கண்ணைத் திறந்தாள், உட்கார்ந்தாள், இடது காலைத் தரையில் வைத்தாள், வலது காலை வைத்தாள். அதற்கு மேல் உடம்பு வரவில்லை. கை தானாகக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"கட். பரவால்லம்மா. இன்னொன்னு."

இரண்டாவது முறை பாதி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது முறை கண்ணீர் வந்தது. அது நல்ல கண்ணீர்தான், ஆனால் உட்கார்ந்தபடி வந்தது.

"தூக்கி நிறுத்தட்டா?" என்றாள் சின்னத்தாய்.

"ஃபிரேம்ல உன் கை தெரியும்."

"அன்னபூர்ணம்மாக்கு இன்னொரு மருமவள்னு சொல்லிடு."

ஷ்ரேயாஸ் கட்டிலருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "அம்மா, பத்து மணிக்குள்ள நான் சானலுக்கு ஒன்னு அனுப்பியே ஆகணும்."

"எனக்குத் தெரியும்ப்பா. நீ அஞ்சு வாரம் இழுத்ததே பெரிசு. வேற யாரும் பண்ணமாட்டாங்க. உனக்குக் கோடி புண்ணியம்." ஜோவிதா தலையணையை இழுத்துப் படுத்தாள். கையை எங்கே வைக்க வேண்டும், வாயை எவ்வளவு திறக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. "துண்டு ஒன்னு மடிச்சுக் குடு சின்னத்தாயி."

டிவியில் இரண்டாவது வீடியோவைப் போட்டார்கள். கோடு நேராகப் போனது. டாக்டர் ரெமிஜியஸ் உள்ளே வந்தார். வெள்ளைக் கோட்டின் நடுப் பொத்தான் வயிற்றோடு போராடிக்கொண்டிருந்தது. நாடி பார்த்தார். திரும்பிக் காமிராவுக்கு இடப்பக்கம் பார்த்து, சோகமும் கம்பீரமுமாக, "க்ஷமிஸி" என்றார். வசனம் முழுவதும் வந்தது. ஒரு எழுத்து பிசகவில்லை. இனி வெள்ளைப் போர்வையை இழுத்து முகத்தை மூட வேண்டும்.

போர்வை தோள்வரை வந்து நின்றது.

"சார், முகம் வரைக்கும்."

"சரி சரி."

மறுபடி எடுத்தார்கள். க்ஷமிஸி வந்தது. போர்வை கழுத்துவரை வந்தது. ரெமிஜியஸ் அதைக் குழந்தைக்குச் சொருகுவதுபோல் இரண்டு பக்கமும் சொருகிவிட்டார்.

"சார், குளுருக்கு இல்ல சார்."

"புரியுதுப்பா. லைட்டு கண்ணுல அடிக்குது."

மூன்றாவது முறை போர்வையைத் தாடை வரைக்கும் கொண்டுவந்தார். அங்கே கை நின்றுபோயிற்று. பதினோரு படத்தையும் தியேட்டரில் பார்த்தவர் அவர். ஒவ்வொரு முறையும் பக்கத்து சீட்காரரிடம் "என் மிசஸ்தான்" என்று சொல்லிப் பெருமைப்பட்டவர். மூடிய கண்ணோடு ஜோவிதா முணுமுணுத்தாள்.

"என்னாங்க பண்றீங்க? மூடுங்க."

"பொணம் பேசக் கூடாது ஜோவி."

"மௌரீன் டாடி, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. மூடுங்கன்றேன்."

"எனக்கு வரல."

"அட, துணிதான? நான் உள்ளதான் இருப்பேன்."

சின்னத்தாய் மூக்கை உறிஞ்சினாள். சவுண்ட்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஷ்ரேயாஸ், "கடைசி டேக், கட் சொல்ல மாட்டேன், ஓடிக்கிட்டே இருக்கட்டும். சார், உங்களுக்கு எப்ப வருதோ அப்ப மூடுங்க" என்றான். ஹெட்போன் மறுபடி காதுக்குப் போனது. அறையில் மழைச்சத்தம் மட்டும் இருந்தது. ஜோவிதா மூச்சை அடக்கினாள். இந்த முறை ரெமிஜியஸ் கண்ணை மூடிக்கொண்டு போர்வையை இழுத்தார். மூக்குவரை வந்துவிட்டது.

அப்போது வெளியே மணி அடித்தது.

வாசல் மணி அல்ல. கைமணி. மெதுவாக, ஒரே சீராக, நெருங்கி வரும் மணி.

அன்று மாதத்தின் முதல் வெள்ளி. அன்றைக்குக் கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு வீட்டுக்கே நற்கருணையை, ஆண்டவரே என்று வணங்கும் அப்பத்தை, கொண்டுபோய்க் கொடுப்பது பங்குக் கோயிலின் வழக்கம். ஐந்து வாரத்துக்கு முன், போன முதல் வெள்ளியில், ஜோவிதா ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள். நற்கருணை கொண்டுபோகும் பணி, கோயில் தொண்டர் டேரிலுடையது. ரெமிஜியஸ் போன் செய்ய மறந்தது இவருக்குத்தான். மற்ற பங்குகளில் சத்தமில்லாமல் போய்ச் சத்தமில்லாமல் வருவார்கள். டேரில் வெள்ளை அங்கி போட்டு, நற்கருணைச் சிமிழைக் கழுத்தில் தொங்கவிட்டு, ஒரு கையில் குடையும் மறு கையில் மணியுமாகத்தான் போவார். ஆண்டவர் வருகிறார் என்று தெருவுக்குத் தெரிய வேண்டும். கூட வருகிறவர் யார் என்றும் தெரிய வேண்டும். வெளியே நின்ற உதவியாளன், யூனிட்டில் யாரோ கேட்டிருந்த சாமியார் வேடம் என்று நினைத்து, "உள்ளே போங்க சார், ரெடி" என்று கதவைத் திறந்துவிட்டான்.

மணி முன்னறைக்குள் வந்தது.

ஜோவிதா எழுந்து நின்றாள்.

யோசித்து எழவில்லை. ஆண்டவர் வீட்டுக்குள் வரும்போது படுத்திருக்கக் கூடாது என்று ஐந்து வயதில் தொடையில் கிள்ளிக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். கிள்ளு வாங்கிய இடம் முட்டியைக் கேட்கவில்லை. போர்வை விழுந்தது. டியூப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. வலது கால், இடது கால், இரண்டும் தரையில். எதையும் பிடிக்காமல், நிமிர்ந்து, மாதா வேடத்தில் நின்றது மாதிரி அசையாமல் நின்றாள். வலக்கை சிலுவை அடையாளத்துக்காக நெற்றிக்குப் போனது. பின்னால் டிவியில் கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தது.

ரெமிஜியஸ் டாக்டர் கோட்டோடு முழங்காலில் விழுந்தார். பொத்தான் தெறித்து விளக்குக்குப் பின்னால் ஓடியது. டேரில் இதுவரை எந்த வீட்டிலும் இப்படியொரு வரவேற்பைப் பார்த்ததில்லை. மணியை இன்னும் இரண்டு முறை அடித்தார்.

கடைசியில் ஷ்ரேயாஸ் "கட்" என்றான். அந்தச் சின்னக் குரல் அழுதுகொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் ஜோவிதா குனிந்து தன் காலைப் பார்த்தாள். "ஐயோ, நிக்கறேன்" என்றாள். "ஏங்க, நான் நிக்கறேங்க."

"நில்லு ஜோவி, அப்பிடியே நில்லு."

"வலிக்கவே இல்ல. இல்ல, வலிக்குது. பரவால்ல, வலிக்கட்டும்."

சின்னத்தாய் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். வீடு முழுக்க ஒரே சத்தம். லைட்மேன்கள் கை தட்டினார்கள். போர்ட்டிகோவில் மிச்சமிருந்த கேசரி பாத் உள்ளே வந்தது. ஷ்ரேயாஸ் அங்கேயே உட்கார்ந்து லேப்டாப்பில் அந்த ஷாட்டை ஏற்றிச் சானலுக்கு அனுப்பினான். அரை மணியில் போன் வந்தது. அவன் கேட்டுக்கொண்டே கட்டை விரலை உயர்த்தினான்.

"ஓகே பண்ணிட்டாங்கம்மா! நீங்க இருக்கீங்க. இது ஆக்டிங் இல்ல, அதுக்கும் மேலங்கறாங்க."

"கடவுளுக்கு ஸ்தோத்திரம். சானலுக்கு என் தாங்க்ஸ் சொல்லுப்பா. ஆனா அங்கியோட அவரு உள்ள வந்தாரே, அத என்னா பண்ணுவ?"

"அவரு ஃபிரேமுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே கட் பண்ணிடுவேன், டிவில ஓடற கோட்டையும் மாத்திடுவேன். மணி சவுண்ட மட்டும் விடமாட்டேன். அந்தப் பக்கம் சின்ன மருமக சாமி ரூம்ல பூஜை பண்றா, மணி அடிக்கறா. இந்தப் பக்கம் நீங்க எழுந்துக்கறீங்க. கை நெத்திக்குப் போகுதில்ல, அங்கயே கட். கும்பிடற மாதிரியே இருக்கும்."

"அதுக்கு மேல கை நெஞ்சுக்குப் போவுமே?"

"போகும். நான் காட்டமாட்டேன்."

ஜோவிதா டேரிலின் கையிலிருந்த மணியைப் பார்த்தாள். "மணி ஒன்னுதான" என்றாள்.

ஷ்ரேயாஸ் ரெமிஜியஸ் பக்கம் திரும்பினான். "சார், உங்க சீன்தான்... அம்மா சாகலியே. அதனால டாக்டர் வேண்டியதில்ல."

"என்னா சொல்ற! ஒரு எழுத்து பிசகல நான்."

"பிசகல சார்."

"சரி வுடு." ரெமிஜியஸ் கோட்டைக் கழற்றிச் சீராக மடித்தார். பச்சைத் துணியை எடுத்து ஆண்டவர் படத்தைத் திறந்துவைத்தார். "நான் போர்வைய முழுசா இழுக்கலியே, அதுக்கு எனக்கு யாராச்சும் தாங்க்ஸ் சொன்னா போதும்."

"தாங்க்ஸ்ங்க" என்றாள் ஜோவிதா, நின்றபடியே. உட்காரச் சொன்னால் மாட்டேன் என்றாள். உட்கார்ந்தால் மறந்துபோய்விடும் என்றாள்.

எல்லாரையும்விட மகிழ்ச்சி டேரிலுக்கு. தன் மணியோசை ஆறரை மணிக்குக் கர்நாடகம் முழுவதும் கேட்கப் போகிறது என்று அறிந்ததும் அவர் குடையைக் கீழே வைத்தார். அன்னபூர்ணம்மாவோடு ஒரு செல்ஃபி, டைரக்டரோடு ஒன்று, சின்னத்தாய் கேட்டதால் அவளோடும் ஒன்று. அவர் வீட்டிலும் மூன்று வருடமாக இந்தச் சீரியல்தானாம். நடு மருமகளைச் சீக்கிரம் வீட்டை விட்டு அனுப்பும்படி ஷ்ரேயாஸிடம் தனியாகக் கேட்டுக்கொண்டார். பிறகு மழை விட்டிருக்கும்போதே மற்ற நோயாளிகளைப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினார். ஜோவிதா வாக்கரைத் தொடாமல் கதவுவரை நடந்துபோய் வழியனுப்பினாள். மணி தெருவில் இறங்கி மெல்லத் தேய்ந்தது. போன வீட்டிலெல்லாம் டேரில் நடந்ததை எழுந்து நின்று நடித்தே காட்டினார். ரிச்சர்ட்ஸ் டவுனில் படுத்துக்கிடந்த ஐந்து பேரும் அன்றைக்குக் கொஞ்சம் சிரித்தார்கள்.

சாயங்காலம் எல்லா வீடும் முடித்துக் கோயிலுக்குத் திரும்பி டேரில் சிமிழைத் திறந்தபோது, உள்ளே ஓர் அப்பம் மீதி இருந்தது. ஜோவிதாவுக்குக் கொடுக்க மறந்திருந்தார்.